அத்தானுக்கு இல்லாத இடப்பக்கம்

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அக்கா புருஷனுடையது. அதில் உட்கார ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். மற்றது என்னுடையது. அவசரக்காரர்கள் மட்டும் வேறு வழியில்லாமல் என்னிடம் வருவார்கள். அத்தான் கத்தரி பிடித்தால் கூடவே வாயும் ஓடும். பேச்சு நின்றால் வெட்டிய முடி திரும்ப முளைத்துவிடும் என்று கேலி செய்வேன்.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய பிறகும் அந்த வாய் ஓயவில்லை. வலது கை நன்றாகவே இருந்தது. இடது காலை மட்டும் கொஞ்சம் இழுத்து நடந்தார். தப்பித்தோமடா என்றுதான் இருந்தோம். அவர் கடைக்கு வந்து கத்தரியை எடுத்தபோது முதல் ஆளாக நானே தலையைக் கொடுத்தேன். வலப்பக்கத்தை அளவெடுத்தாற்போல் வெட்டிவிட்டுத் துண்டை உதறினார்.

"முடிஞ்சுது மாப்ள, எந்திரி."

கண்ணாடியில் பார்த்தால் இடப்பக்கம் காடாக நிற்கிறது. விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டரம்மா. கண் பார்க்கிறது, மூளைதான் இடப்பக்கத்தைக் கவனிப்பதில்லை. அப்படி ஒன்று விட்டுப்போனதே அவருக்குத் தெரியாது, அதனால் தேடவும் மாட்டார். தட்டில் இடது பாதிச் சோறு தினமும் மிஞ்சியது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உடனே பாசத்தைக் கொட்டினோம். தண்ணீர், செல்போன், சட்டை எல்லாம் அவருடைய வலப்பக்கத்துக்கு வந்தன. அக்காவும் அந்தப் பக்கமே நாற்காலி போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபி அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"நீங்களே சுவர் எழுப்பிட்டீங்களேம்மா. எல்லாத்தையும் இடப்பக்கம் மாத்துங்க. நீங்களும் அங்கயே நில்லுங்க. அவரு தானா தலையத் திருப்பிப் பழகணும். அப்புறம்தான் கத்தரியப் பத்தி யோசிக்கவே முடியும்."

மாற்றினோம். அக்கா இடப்பக்கம் நின்று, "இங்க பாருங்க" என்பாள். அத்தான் வலப்பக்கச் சுவரைப் பார்த்து, "எங்கருந்து பேசுற, அடுப்படியிலயா?" என்பார். கன்னத்தைத் தொட்டுத் திருப்பினால் திரும்புவார். கையை எடுத்ததும் முகம் பழைய இடத்துக்கே போய்விடும். கடைக்குப் போகணும் என்று தினமும் அடம். கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யார் மேலாவது எரிந்து விழலாம் என்றால், அதற்கும் ஆள் இல்லை. போகப்போக அவர் பேச்சும் குறைந்துபோனது.

ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழைந்து அவர் கட்டிலுக்கு வலப்பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. உங்கக்காவுக்கு நான் சலிச்சுப் போயிட்டேனா? கொரலு மட்டும் வருது. ஆளு பக்கத்துலயே வரமாட்டேங்குறா."

அக்கா அவருடைய இடது தோளை ஒட்டி, கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தாள்.

"திரும்புங்க" என்றாள் மெல்ல. "ஒரே ஒரு தடவ."

கழுத்து அசைந்தது. முகம் நேராக வரும்வரை திரும்பியது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி என் பக்கமே வந்துவிட்டது.

அக்கா என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா" என்றார் அத்தான்.

"ஆமாங்க, இப்பதான் வந்தேன்" என்றாள்.