கம்பெனி பஸ்ஸின் முதல் படி

என் தங்கைக்கு டவுன் சிண்ட்ரோம். ஒரகடம் பக்கம் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்தது. மடிப்பதில் பிரச்சினையே இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸின் முதல் படிதான் பிரச்சினை. அது அவள் முழங்கால் உயரம் இருந்தது.

"தானா ஏறி எறங்குனா கூட்டினு போறேன். நான் எறங்கி வந்து தூக்கி வுட்டுக்கினு இருந்தா ஷிஃப்ட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் டிரைவர். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே தசை தளர்வாக இருக்கும், மூட்டும் நெகிழ்ந்திருக்கும், அதனால்தான் ஒற்றைக் காலில் நின்றால் ஆடிப்போகிறாள் என்றார் பிசியோதெரபிஸ்ட். வலு வராது என்றில்லை, தொடைக்கு வேலை கொடுங்கள் என்றும் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும். சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். படி ஏற வேண்டும்.

எங்கள் வீட்டில் படி கிடையாது. ஆனால் கம்பெனிகள் சரக்கு அடுக்கிக் கழித்துப் போடும் மரப் பேலட்டுக்கு இந்தப் பக்கம் என்ன பஞ்சம்? கட்டில், கோழிக்கூண்டு எல்லாமே அதில்தான். நான் பேலட்டுகளை அடுக்கி ஆணி அடித்து, பஸ் படி உயரத்துக்குக் கூடத்தில் போட்டேன். தினமும் ஏறி இறங்கினாள். முதலில் என் தோளைப் பிடித்தாள், பிறகு விரலை, கடைசியில் எதையும் பிடிக்கவில்லை. டிவி மறைக்கிறது என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள்.

வேலையின் முதல் நாள் பஸ் வந்தது. காலைத் தூக்கினாள், பாதியிலேயே தடுமாறி இறக்கினாள். மறுபடியும் அதேதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பு நுழையாத கூடத்தில் இத்தனை நாளும் வெறுங்காலோடு பழக்கியிருக்கிறோம். இன்று அவள் காலில் இருப்பது முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ. நானும் தினம் அதே மாதிரி ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவன்தான்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் கையை நீட்டினேன்.

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, ஒவ்வொன்றாக பஸ்ஸுக்குள் போட்டாள்.

"இன்னாம்மா, கோயிலுக்கா வர்ற?" என்றார் டிரைவர்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். "அண்ணா, கைய எடு. வழில கீது" என்றாள்.

எடுத்தேன். ஏறிவிட்டாள்.

பெருமையாகத்தான் இருந்தது. கை வேண்டாம் என்றதில் கொஞ்சம் ரோஷமும் வந்தது. சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்குப் போய், தள்ளியே நின்றேன்.