கூலாய் வந்தால் ஜன்னலை மூடு

உல்லாசப் பயணம் என்று யாராவது வாயெடுத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. என் பிள்ளைகள் கடற்கரைக்குக் கிளம்பும்போது, "நீங்களும் வாங்கம்மா" என்று கூப்பிடுவார்கள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

அப்பா லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் கிராணியாக இருந்தார். டிக்கெட் கொடுப்பது, தந்தி அடிப்பது, வண்டிக்குக் கொடி காட்டுவது எல்லாம் அவர்தான். எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு தண்டவாளத்தை ஒட்டியே இருந்தது. பிளாட்பாரத்தில் நின்று அவர் இருமினால் அடுப்படியில் அம்மாவுக்குக் கேட்கும். ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர பாஸ் கிடைக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் அந்தப் பாஸை வைத்து அப்பா எங்களை ஜொகூர் பாருவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அதற்குக் 'கோடைப் பயணம்' என்று பெயர். லாயாங் லாயாங்கில் ஏது கோடை? காலையில் வெயில், மத்தியானம் மழை, வருஷம் பூராவும் அதே கதைதான். அவருடைய துரை கோடைக்காகக் குடும்பத்தோடு கடலோரம் போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எங்களுக்கும் கோடை வந்துவிட்டது.

கடற்கரையில் பாயை விரித்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நடுவில் உட்கார்ந்துகொள்வார். நானும் தம்பியும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நனையக் கூடாது. எதிர்க்கரையில் தெரியும் சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஓடக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பார்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குப்பா."

"என்ன முணுமுணுக்கிறே? சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொல்வோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மலாய்க் குடும்பம் திரும்பிப் பார்க்கும். அதற்கப்புறம்தான் அவர் புளிச்சாதத்தில் கை வைப்பார். என் அப்பாவை எனக்குப் பிடிக்காது. செத்துப்போன மனிதரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். உயிரோடு இருந்தபோதும் எனக்கு அவரைப் பிடிக்காது.

அம்மாவுக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை. அவள் வருஷம் முழுக்கக் காத்திருந்தது வழியில் வரும் கூலாய் ஸ்டேஷனுக்காக. அவளுடைய ஒரே அண்ணன் கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். கப்பலேறி வந்த இந்தச் சீமையில் அவளுக்கென்று இருந்த ரத்த சொந்தம் அவர் ஒருவர்தான். அவரோடு பேசக் கூடாது, பார்க்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

காரணம், தம்பியின் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமா வரவேண்டிய வண்டி அன்றைக்குத் தாமதம். எவ்வளவு தாமதம் என்று அப்பாவுக்குத் தந்தியிலேயே தெரியும். கொஞ்சம் பொறுத்திருந்தால் வந்திருப்பார். "நல்ல நேரம் தப்பிப்போவுது, மாமனுக்காகக் கிரகம் நிக்குமா?" என்று சொல்லி, கூட வேலை பார்த்த ஒருவரின் மடியில் தம்பியை உட்கார வைத்துவிட்டார். மாமா சீர்த்தட்டோடு ஓடிவந்தபோது தம்பி வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். மாமா எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். தட்டை வாசலில் வைத்தார்.

"நான் செத்தா போயிட்டேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

தப்பு யார் மேல் என்று ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் தன் வீட்டு வாசலில் நின்று தன்னைக் கேள்வி கேட்டுவிட்டான் என்று அப்பா குதித்தார். அன்றோடு உறவு அறுந்தது.

மாமாவுக்கு அம்மா மேல் கோபம் கிடையாது. நாங்கள் எந்த நாளில் போகிறோம் என்று எப்படியோ விசாரித்து வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கூலாய் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவார். இது அப்பாவுக்கும் தெரியும். கூலாய்க்கு முந்தின வளைவில் வண்டி திரும்பியதுமே, "ஜன்னலை மூடு" என்பார். தம்பி எழுந்து மரப்பலகையை இறக்குவான். வண்டி நிற்கும். வெளியே பெட்டி பெட்டியாகத் தட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்கும். எங்கள் ஜன்னலில் கொஞ்சம் கூடுதலாகத் தட்டுவார். உள்ளே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அம்மா பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா எதிரில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். வருஷா வருஷம் அம்மா அண்ணனுக்கென்று முறுக்கு சுட்டுப் பையின் அடியில் ஒளித்து எடுத்து வருவாள். வருஷா வருஷம் அதை வீட்டுக்குத் திரும்பி வந்து நாங்களே தின்போம்.

பிறகு ரப்பர் விலை தரைக்கு வந்த காலம். தோட்டங்களில் வேலை இல்லை என்று ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வடக்கே போய்க் கப்பல் ஏறுவதற்காக அவர்கள் எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் போனார்கள். மூட்டை முடிச்சோடு, கோழிக்கூண்டோடு பெட்டி நிறைய ஜனம். அந்த வருஷமும் எங்கள் வீட்டுக் கோடை தப்பாமல் வந்தது. துரைக்கே சம்பளம் குறைத்துவிட்டார்கள் என்று பேச்சு, ஆனாலும் அப்பா பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

கூலாய் வளைவு வந்தது. தம்பி பழக்கத்தில் எழுந்து பலகையைப் பிடித்தான்.

"இருக்கட்டும் விடு. காத்து வரட்டும்" என்றார் அப்பா.

அம்மா நம்பாமல் அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, "உங்கப்பாவுக்கு மனசு எளகிருச்சு புள்ள" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கலைந்திருந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பையைக் கிளறி முறுக்குப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

வண்டி நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. தட்ட யாரும் வரவில்லை. அம்மா தலையை வெளியே நீட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அப்பா தடுக்கவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு பெண் அவித்த கச்சாங் கடலை விற்றுக்கொண்டிருந்தாள். அம்மா மாமாவின் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, மாமாவைப் பற்றிக் கேட்டாள்.

"நாங்களும் அந்தத் தோட்டத்து லயத்துலதான்க்கா இருந்தோம்" என்றாள் அவள். "மண்டோரு போயி மூணு நாலு மாசம் ஆச்சே. பாதிச் சனத்தை ஊருக்கு ஏத்திட்டாங்கல்ல, அதுல அவரும் போயிட்டாரு. லாயாங் லாயாங்குல வண்டி நிக்கும், தங்கச்சி வீடு ஸ்டேஷன் பக்கந்தான், பாத்துச் சொல்லிட்டுத்தான் போவேன்னாரு. ஏன், நீங்க பாக்கலையா?"

வண்டி ஊதியது. திரும்பி ஏறிக்கொண்டோம். அம்மா முறுக்குப் பொட்டலத்தைத் திரும்பப் பையின் அடியில் வைத்தாள். என்ன ஆச்சு என்று அப்பா கேட்கவில்லை. கேட்க அவருக்கு என்ன இருந்தது?

கடற்கரையில் வழக்கம்போல் பாய் விரிந்தது. அம்மா எல்லாருக்கும் சோறு வைத்தாள். பிறகு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் உங்க ஸ்டேஷன்ல எறங்கினாரா?"

"எறங்கினான்."

"என்னைக் கேட்டாரா?"

"கூப்பிடுங்கன்னான்."

"நான் எங்கங்க இருந்தேன்?"

"வீட்டுலதான். பின்னால துணி தொவைச்சிட்டு இருந்தே."

"ஒரு சத்தம் குடுத்தா ஓடி வந்திருப்பேனே."

"வண்டி நிக்கிறதே ரெண்டு நிமிஷம். அத்தனை சனத்துக்கு முன்னால நீ அவனைக் கட்டிக்கிட்டு ஒப்பாரி வெச்சா என் மானம் என்னாவுறது?"

"அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

அப்பா அவித்த முட்டையை உரித்துக்கொண்டே சொன்னார். "உனக்கு அவனைப் பாக்க இஷ்டமில்லேன்னு சொன்னேன். அதுக்கு மேல அவன் நிக்கல. ஏறிட்டான்."

கொடியைக் காட்டி வண்டியை அனுப்பியதும் அவர்தான். மாமாவின் காதில் கடைசியாக விழுந்தது அந்தச் சொல்தான். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இனிமே எனக்கும் உங்களைப் பாக்க இஷ்டமில்லை" என்றாள்.

அப்பா சிரித்தார். "சரி சரி, சோத்தைத் தின்னு" என்றார். பொம்பளைக் கோபம், மழை மாதிரி சாயங்காலத்துக்குள் வெறித்துவிடும் என்று நினைத்திருப்பார். அம்மாவை அவருக்குத் தெரியவே தெரியாது. அதற்கப்புறம் அவள் அவருக்குச் சோறு போட்டாள், சட்டையைத் துவைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துப் பேசினாள், சுவரைப் பார்த்துப் பேசினாள். முதலில் அதட்டினார். பிறகு கெஞ்சவும் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷப் பயணத்துக்குப் புளிச்சாதம் கட்டிக் கொடுத்து எங்கள் இரண்டு பேரை மட்டும் அவரோடு அனுப்பினாள். வழியில் கேட்டவர்களிடம், அவளுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது என்று அப்பா சொன்னார்.

மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பார்க்க இஷ்டமில்லாத தங்கைக்கு யார் என்ன சொல்லி அனுப்புவார்கள்? ஊரிலிருந்து புதிதாக யார் வந்து இறங்கினாலும் அம்மா போய் விசாரித்துவிட்டு வருவாள். வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள்.

எனக்குப் பதினாறு வயது நடக்கும்போது அம்மா மலேரியாவில் போய்விட்டாள். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். குளிப்பாட்டி முடித்த பெண்கள், "பொறந்த வீட்டுக் கோடி எங்க?" என்று கேட்டார்கள். அப்பா அதற்கும் வழி செய்து வைத்திருந்தார். கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி ஒரு சேலை வாங்கிவரச் சொல்லி, எங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, "நீங்க அண்ணன் முறையில போத்திடுங்க, நேரமாவுது" என்றார்.

நான் அம்மாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து நின்றேன்.

"யாரும் போத்தக் கூடாது. எங்க மாமாவை இவருதான் வண்டியேத்தி அனுப்பினாரு. எங்கம்மாவுக்குப் பாக்க இஷ்டமில்லேன்னு பொய் சொல்லி அனுப்பினாரு. கோடி இல்லாமலே போகட்டும்."

அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கவில்லை. அந்த ஆள் சேலையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அம்மாவை, உடம்பில் இருந்த சேலையோடே தூக்கினார்கள். கடைத்தாள்கூடப் பிரிக்காத அந்தப் புதுச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சுடுகாடு வரை நடந்தார். அதை யாரிடம் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் கேட்டு வாங்கவும் இல்லை.