நிழல் என்று நான் சொல்லிக்கொடுத்தது

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு அச்சுப்படம் தொங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஒருவர் வரைந்த கருவாலி மரங்கள். மண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவன் நான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதை விளக்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. நடுமரத்தின் அடியில் ஒரு கரும் திட்டு உண்டு. "மனிசன் நிழலை எப்பிடிக் குழைச்சிருக்கிறான், பாருங்க" என்பேன்.

போன மாரிக்கு முன், ஒரு வியாழன் பின்னேரம் மனைவியின் அண்ணன் வந்தார். மரம் அறுத்து விற்கிற மரக்காலைக்கு மரம் பார்த்து வாங்குகிறவர். அவருக்கும் பாடம் எடுத்தேன். மனிதர் எழும்பிப் போய்ப் படத்தின் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார். தட்டிப் பார்க்காமல் எந்த மரத்தைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மச்சான், இது நிழலில்ல, கோறை, உள்ளுக்கு வெறும் பொந்து. வெயில் விழுகிற பக்கத்தில நிழல் எப்பிடிக் கிடக்கும்? அடிமரம் உக்கிப்போச்சு. சும்மா தந்தாலும் எடுக்கமாட்டன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மரம் அறுக்கிற ஆளுக்குச் சித்திரம் எங்க விளங்கப்போகுது!" என்று சொல்லியேவிட்டேன். சொன்ன வாய் மூடுமுன் நினைவு வந்தது. பள்ளிக்கூடத்து வாகைமரம்! அதிலும் வெயில் படும் பக்கத்தில் அதே கறுப்பு. வெள்ளிதோறும் ஏழாம் வகுப்பை அதன் கீழ் இருத்தித்தான் வரைய வைக்கிறேன்.

"ஏன் மச்சான் முகம் வெளுத்துப்போச்சு?"

விசயத்தைச் சொன்னேன். "நாளைக்கு வெள்ளியெல்லா! எழும்புங்க, இப்பவே போவம்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போனதும், கையோடு கொண்டுவந்த கோடரியைத் திருப்பிப் பிடித்துப் பின்புறத்தால் வாகையை அடித்தார். வெறும்பெட்டியைத் தட்டியதுபோல் கேட்டது. கறுப்புக்குள் கையை விட்டார், முழங்கைவரை போய்விட்டது.

"ஐயோ கடவுளே!" என்று கத்திவிட்டேன்.

"ஒரு காத்து போதும் மச்சான். பிள்ளைகள்ட தலையிலதான் விழுந்திருக்கும்."

அங்கே நின்றே அதிபருக்குப் போன் எடுத்தேன். மறுநாள் அந்தப் பக்கம் ஒரு பிள்ளையையும் விடவில்லை. பின்னேரத்துக்குள் மரத்தை இறக்கிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்தபின் அலுமாரியைத் திறந்து ஏழாம் வகுப்பின் சித்திரக் கொப்பிகளைப் புரட்டினேன். ஒரு பிள்ளை வாகையில் அந்தக் கறுப்பு இருந்த இடத்தில் பொந்து வரைந்திருந்தாள். அடியில் உக்கல் தூள் கொட்டிக் கிடப்பதைக்கூடப் புள்ளி புள்ளியாய்ப் போட்டிருந்தாள். பக்கத்தில் சிவப்புப் பேனையில் என் கையெழுத்து: "இது நிழல். இனிமேல் கவனித்துப் பார்த்து வரையவும்."