கேணலின் ஐயாயிரம் ஏக்கர்

குணவதிக்குக் கணவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. போன தடவை கனடியப் பிரஜாவுரிமைப் பரீட்சையில் நீதிபதிக்கு முன்னால் இரத்தினவேல் கால் மணித்தியாலம் வாதாடியதில் அவள் மட்டும்தான் சித்தியடைந்தாள். அவரை மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் மகள் யோகராணிக்கு மார்கழியில் பிள்ளைப்பேறு. அவருடைய இலங்கைப் பாஸ்போட் காலாவதி. இன்றும் தவறினால் குணவதி தனியாகத்தான் போகவேண்டும்.

எல்லாம் ஒரு கேள்வியால். ஸ்காபரோவில் அவர்களுடைய கட்டடத்தில் வீடு வீடாகக் கைமாறிய வினாவிடைக் கொப்பியில் அது இருந்தது: 'முதல் குடியேறிகளுக்குக் காணி எப்படிக் கிடைத்தது?' விடை: 'உழைக்கத் தயாரானவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்தது.'

"ஆர் எழுதினது உது?" சப்வேயில் மறுபடி தொடங்கினார். "லைப்ரரிப் புத்தகத்திலை வடிவாக் கிடக்கு. பட்டாளத்துக் கேணலுக்கு ஐயாயிரம் ஏக்கர், சிப்பாய்க்கு நூறு. முதலே இருந்த சனத்தைப் பற்றிக் கதையே இல்லை."

"கேணல் செத்து எத்தினை வரியம்! உங்களுக்கு என்ன வந்தது?"

வன்னியில் ஒரு குடியேற்றத் திட்டத்தின் காணிக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் கிளாக்காக இருந்தவர் அவர். வாய்க்கால் தலைப்பு வயல்கள் பெரிய இடத்துக் கடிதத்தோடு வந்தவர்களுக்குப் போயின. தண்ணீர் எட்டாத கடைசித் துண்டுகள் கடிதம் இல்லாதவர்களுக்கு. பெர்மிட்டுகள் எல்லாம் இவருடைய குண்டு எழுத்தில். இங்கே தொழிற்சாலையில் நிலம் கூட்டும்போதும் அது அவரை விடவில்லை என்று குணவதிக்குத் தெரியும். தெரிந்தென்ன? பேரப்பிள்ளை காத்திருக்குமா?

நீதிபதி அம்மா முதல் கேள்வியாக அதையே கேட்டார். குணவதி கதிரை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரத்தினவேல் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டி, கொப்பியில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தார். மற்றக் கேள்விகளும் முடிய நீதிபதி சிரித்துக் கைகொடுத்தார்.

திரும்பும்போது, "பொய் சொல்லிப்போட்டன்," என்றார்.

"பொய் இல்லையப்பா, விடை."

"அங்கையும் உதைத்தான் சொன்னனான். மேலதிகாரி வந்து கேட்டால், எல்லாம் ஒழுங்காக் குடுத்திருக்கு சேர் எண்டு."

குணவதி குழந்தைக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டு திரும்பினால், மனிதர் கொப்பியின் ஓரத்தில் 'கேணல் 5000, சிப்பாய் 100' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, உதிலை கிறுக்காதையுங்கோ! நாளைக்கு மேல்மாடி அன்ரனெற்றுக்குக் குடுக்கோணும். அவளையும் பெயிலாக்கவோ?"

"சொல்லத் தேவையில்லை. தெரிஞ்சு வைச்சிருக்கட்டும்."

கொப்பியைப் பறித்தாள். அழித்துவிடலாமென்று பார்த்தால், பழைய கந்தோர் வழக்கப்படி மையால் எழுதி, கீழே திகதியும் போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார்.