நூற்றுப் பதினேழாம் அட்டை

பாஞ்சாலைக்கு அப்போது பதினேழு வயது. 1979 சித்திரை, ஆரணியில் கமண்டல நாக நதியில் மணல்தான் கிடந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள், அப்பா அய்யாக்கண்ணுவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பட்டுப்புடவையின் கரைக்குக் குறுக்கிழை ஓட்டும் நாடா போட்டுவந்தாள். அவள் போட்ட கரையில் ஒரு இழை தளர்ந்ததில்லை.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகள் மாலையாகக் கோர்த்து அதில் சுற்றும். மிதியை ஒரு தடவை மிதித்தால் ஓர் அட்டை நகரும். துளை உள்ள இடத்தில் இழை எழும்பிச் சரிகைப் பூ விழும். அட்டையில் துளை அடித்துத் தருகிறவன் ஜெகநாதன், இருபது வயது. அந்தக் கோடையில் இருவரும் பேசியது ஒன்பது தடவை. எட்டு தடவை தண்ணீர் கேட்டான். ஒன்பதாவது தடவை பஸ் நிலையத்தில், தேவிகாபுரம் பஸ் கிளம்பிய இரைச்சலில், "உன்ன நெனச்சிகினேதான் அட்ட அடிக்கறேன்" என்றான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை புதுப் பூவின் அட்டைகளை மாட்டிவிட்டு இறங்கினான். செருப்பு மாட்டும் சாக்கில் குனிந்து, "நூத்திப் பதினேழாவது அட்டையில கடுதாசி வச்சிருக்கேன். ஓட்டறதுக்கு முன்ன எடுத்துடு" என்றான்.

அவள் திரும்புவதற்குள் அய்யாக்கண்ணு தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

தெருவுக்குத் தெரிந்தால் அவளைத் தறியிலிருந்து எழுப்பி, வைகாசிக்குள் பெரணமல்லூர் மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். ஜெகநாதனுக்கு ஆரணியில் ஒரு தறியிலும் வேலை இருக்காது. அவள் நாடாவைப் போட்டபடியே அட்டைகளை எண்ணினாள். தொண்ணூறு. நூறு. வியர்த்த உள்ளங்கையைப் பட்டில் படாமல் பாவாடையில் துடைத்தாள்.

"என்னாமே, வாய் அசையுது? மந்திரமா?"

"சும்மா, நைனா."

நூற்றுப் பதினேழு. மடித்த காகிதம் துளைகளை அடைத்தது, இழை எழும்பவில்லை. பூவுக்குக் குறுக்கே ஒரு கோடு. மிதியில் கால் நழுவிவிட்டது என்று நினைத்து அவர் தொடர்ந்தார். நான்கு அங்குலம் தாண்டி அதே அட்டை திரும்பி வந்தது. அதே கோடு.

அவர் நிறுத்தினார். "அட்ட பிசகு. எனக்கு முட்டி வலி. நீ ஏறிப் பாரு."

ஏறினாள். அட்டையைக் கோர்த்த கயிற்றுக்கடியில் நாலாய் மடித்த காகிதம், ஊசிகள் குத்திப் புள்ளிபுள்ளியாக.

"என்னா காயிதம் அது? படி." அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

"இந்த அட்டைய ஒருவாட்டி சரிபாக்கணும்னு எழுதிக்கீது, நைனா."

"தெரிஞ்சே மாட்டிட்டுப் போய்க்கீறானா? எத்தினி பேஜார். குடு இப்படி. முதலாளிகிட்டக் காட்டறேன்." வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

பட்டும் சரிகையும் கொடுக்கிற முதலாளிக்குப் படிக்கத் தெரியும். கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது உரக்கப் படிப்பார். அப்பா வாசலைத் தாண்டுவதற்குள் பாஞ்சாலை கீழே குதித்தாள்.

"நைனா, போவாதீங்க. நான் பொய் சொன்னேன். அது எனக்கு எழுதினது."

அவர் கதவைச் சாத்தினார். கை ஓங்கவில்லை. காகிதத்தை நீட்டினார். "இப்ப, எழுதிக்கீறத படி."

தானே இன்னும் படித்திராத கடிதத்தை அவள் அப்பாவுக்குப் படித்தாள். "பாஞ்சாலைக்கு. எங்கள் அப்பா என்னைப் பெங்களூர் விசைத்தறிக்கு அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை போகிறேன். திரும்புவேனா தெரியாது. எனக்காக உட்கார்ந்திருக்காதே. இந்தப் பூவில் ஒரு துளைகூட பிசகாமல் அடித்திருக்கிறேன்."

"மீதிய படி."

"அவ்ளோதான், நைனா."

அவர் பட்டில் விழுந்த கோட்டைக் காட்டினார். "மொதப் பூ வரைக்கும் பிரி. சரிகை பிசிறாம. வெள்ளிக்கெழம தாண்டற வரைக்கும் நீ வாசப்படி தாண்டக் கூடாது."

எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் இழை இழையாகப் பிரித்தார்கள். யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று அவர் டீக்கடைக்குப் போன ஒவ்வொரு மாலையும் அவள் வாசலையே பார்த்திருந்தாள். ஆடி வரை அந்தப் பயம் போகவில்லை. அவர் சொல்லவே இல்லை. அவளும் பிறகு ஒருநாள், கட்டிக்கொடுத்திருந்த அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

ஜெகநாதன் போனபின் தெருவில் அட்டை அடிக்க ஆளில்லை. பாஞ்சாலை கற்றுக்கொண்டாள். 1986இல் அந்தத் தெருவில் பதினோரு தறிகளுக்கு அவள் அடித்த அட்டைதான்; ஒன்றுகூட திரும்பி வந்ததில்லை. கோர்த்து முடித்ததும், கொடுத்தனுப்புமுன், ஒவ்வோர் அட்டையின் கயிற்றுக்கடியிலும் விரலை விட்டுப் பார்ப்பாள். நூற்றுப் பதினேழு வரும்போது மட்டும் இரண்டு தடவை விட்டுப் பார்ப்பாள்.