மெலே காத்த ஞாயிறு

எங்கள் காயல்கரையில் மெலேயைப் பற்றி விசாரித்தால், பாதிப் பேர் ஒரு ஞாயிறுகூடக் கோயிலுக்குத் தவறாத பெண்மணி என்பார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மீன் விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவார்கள். இரண்டு கட்சிக்காரர்களிடமும் உண்மை இருக்கிறது. நான் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. ஒரே கூரைக்குக் கீழே அவளோடு சண்டை போட்டுக்கொண்டே கிழவியானவள். என்னைக் கேட்டால் முழுதாகச் சொல்வேன்.

இளவயதில் அவளைப்போலத் தோணி தள்ள இந்தப் பக்கத்துத் தீவுகளில் ஆள் கிடையாது. பெண் கேட்டு வந்தவனையெல்லாம் துடுப்பை எடுக்கச் சொல்லி, காயல் கடலில் சேரும் வாய்வரை போட்டி போட்டு, மூச்சு வாங்க வைத்துத் திருப்பி அனுப்பினாள். அவளுக்கு உலகத்தில் மனிதன் என்றால் அண்ணன் ஹியேலே ஒருவன்தான். எனக்கும் அப்படித்தான். எங்கள் சண்டையின் மூலமும் அதுதான்.

ஜப்பான்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது வெள்ளைக்காரப் பாதிரி முதல் படகிலேயே கிளம்பிவிட்டார். கொப்பரை வியாபாரிகள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். பாதிரி எங்களிடம் விட்டுப்போனது ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான். அன்று வலை இல்லை, தோட்டம் இல்லை, துடுப்பு இல்லை. குண்டு விழுந்தாலும் எங்கள் ஆட்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அதிகாரி அரிசி மூட்டை சுமக்க ஆள் கேட்டு வந்தான். முன்பல் ஒன்றின்மேல் இன்னொன்று ஏறிய தெத்துப்பல்லன். கையை ஆட்டி ஹியேலேயைக் கூப்பிட்டான். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்.

"இன்னைக்கு ஞாயிறுங்க. நாளைக்கு வரேன். எத்தனை மூட்டையானாலும் தூக்குறேன்."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, மாட்டேன் என்று தலையாட்டியது புரிந்தது. வாளை உருவி, கரையிலேயே, எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் வெட்டினான். அவர் கழுத்தில் கிடந்த சிப்பி வளையத்தைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அது அவர் பாட்டன் முப்பாட்டன் அணிந்த வளையம். அதைக் குனிந்து கடலில் அலசி, ரத்தம் போனதா என்று தூக்கிப் பார்த்துவிட்டு மாட்டினான். வெட்டியதைக்கூட என்றாவது மறந்திருப்பேன். அந்த அலசலை மறக்கவே முடியவில்லை.

முற்காலத்தில் எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டு ஆண் செத்தால், எதிராளியின் தலை ஒன்று வரும்வரை விதவை தாழ்ந்த குடிசைக்குள் அடைந்து கிடக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கக் கூடாது, வெயில் படக் கூடாது. பாதிரிகள் என் அம்மா காலத்திலேயே அதை ஒழித்துவிட்டார்கள். அடக்கம் முடிந்த அன்று மெலே கத்தியும் ஓலையுமாக வந்து வீட்டுக்குப் பின்னால் குடிசை போட ஆரம்பித்தாள்.

"அண்ணி, பாதிரி ஓடிட்டாரு. இனி நம்ம சட்டம் நம்ம கையில. உள்ள போறீங்களா?"

"போறேன். ஆனா நீ வெறுங்கையோட வந்தா உன்னையும் உள்ள இழுத்துப் போட்டுக்குவேன்."

என்னை யாரும் தள்ளவில்லை. நானேதான் குனிந்து போனேன்.

அந்தச் சண்டையை நான் காதால்தான் பார்த்தேன். அமெரிக்கர்கள் தெற்கிலிருந்து ஒவ்வொரு தீவாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கடலில் கப்பலும் கப்பலும் மோதும்போது குடிசையின் ஓலை நடுங்கும். மெலேதான் தீவு தீவாகத் துடுப்புப் போட்டுப் போய்ச் சேதி கொண்டுவருவாள். எந்தக் கப்பல் எரிந்தது, யார் யார் எந்தத் தீவில் இறங்கினார்கள் என்று வெளியே இருந்தபடி ஒப்பிப்பாள். எங்கள் கடலில், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் நடந்த சண்டை. இரண்டு பக்கமும் வெடிவைத்ததில் எங்கள் மீன்தான் மிதந்தது. "தெத்துப்பல்லன் எங்கே?" என்பது ஒன்றுதான் என் கேள்வி.

ஒருமுறை பெரிய ஜப்பான் கப்பல் ஒன்று மூழ்கி, எண்ணெய் அப்பிய மாலுமிகள் எங்கள் பாறைத்திட்டில் ஒதுங்கினார்கள். ஊர்த்தலைவர் கெவிசி ஒரு பையனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பாதி உயிர்தான் இருந்தது.

"பழைய வழக்கத்துல எவன் தலைன்னு பேர் கேட்டதில்லை, மெலே. ஒண்ணு போதும். பாவம், உங்க அண்ணி வெளிய வரட்டும்" என்றார்.

மெலே அவன் உதட்டை விலக்கிப் பார்த்தது ஓலை இடுக்கில் எனக்குத் தெரிந்தது.

"இவன் பல்லு நேரா இருக்கு. கொண்டுபோய் அமெரிக்காக்காரன்கிட்ட விடுங்க."

எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, பல்லைப் புடிச்சுப் பாத்து மாப்பிள்ளையா எடுக்கற? நான் இங்க கூன் விழுந்து கெடக்கேன்!" என்று கத்தினேன்.

"கத்துங்க அண்ணி, நல்லாக் கத்துங்க. எவன் தலையோ வந்தா நாளைக்கு நீங்களே என்னைக் காறித் துப்புவீங்க."

உண்மைதான். துப்பியிருப்பேன்.

கடைசியில் ஜப்பான்காரர்களுக்குக் கப்பல் வருவது நின்றது. மிஞ்சியவர்கள் படகுகளில் வடக்கே தப்பிப் போனார்கள். போக முடியாதவர்கள் காட்டில் வேரைத் தின்றார்கள். கோயில் முடிந்து தோட்டத்துப் பக்கம் வந்த மெலே, சர்க்கரைவள்ளிக் கொடிக்கு நடுவில் ஒருவன் மண்ணோடு கிழங்கைக் கடித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். எலும்பும் காய்ச்சலுமாக இருந்தான். கழுத்தில் எங்கள் வளையம். அவளைப் பார்த்துச் சோற்றுக்காக வாயில் கைவைத்துக் காட்டினான். பல் தெரிந்தது.

எப்போதும் செருகியிருக்கும் கத்தி இடுப்பில் இருந்தது. ஆனால் அன்று ஞாயிறு.

அவனைக் கொடியாலேயே மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்.

"போய் முடிச்சுட்டு வாடி!"

"அண்ணன் எதுக்காகச் செத்தாரு, அண்ணி? ஞாயித்துக்கிழமை வேலை செய்ய மாட்டேன்னு சொன்னதுக்கு. நான் இன்னைக்குச் செஞ்சா அவர் செத்தது வீணாப் போயிடும். நாளைக்குத்தான்."

தண்ணீர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பகல் முழுக்க அவன் எதிரில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் முகத்துக்கு நேராக நின்று வேலையை முடித்தாள். குடிசையின் கதவைத் திறந்தபோது வெயிலில் எனக்குக் கண் கூசியது. முதுகை நிமிர்த்த முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம், அதை மறைப்பானேன்?

வளையம் கல்லறையில் ஹியேலேயின் நெஞ்சுக்குத் திரும்பியது. அந்தத் தலையை முன்னோர்கள் படுத்திருக்கும் சின்னத் தீவில், அவர் கால்மாட்டில், கல்லுக்கு அடியில் வைத்தோம். பாதிரி திரும்பி வந்தார். மெலே வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினாள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், ஜப்பானிலிருந்து எலும்பு தேடி ஒரு கூட்டம் வந்தது. வயதானவர்கள், ஊதுபத்தியும் அரிசிச் சாராயமுமாக. கூட ஒரு பெண். எங்கள் வாத்தியார் அவள் பேச்சை மாற்றிச் சொன்னார்.

"இவங்க அண்ணன் இந்தப் பக்கம் அதிகாரியா இருந்தாராம். குடும்பத்துல எல்லாருக்கும் இவங்களை மாதிரியே பல்லாம். ஒரு எலும்பு கெடைச்சாலும் போதுமாம். இவங்க பேரு கினு."

அவள் வாயைத் திறந்து காட்டினாள். தெத்துப்பல். நான் கல்லாக நின்றேன். மெலேயின் முகம்தான் வெளுத்துவிட்டது, பல்லைப் பார்த்தபோது அல்ல, பேரைக் கேட்டபோது.

"தெரியாதுன்னு சொல்லு" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கினு இன்னொரு தடவையும் வந்தாள். அப்போதும் தெரியாதுதான். ஆனால் அதன் பிறகு மெலே சரியாகச் சாப்பிடுவதில்லை. படுக்கையில் விழுந்து, இனித் தேறமாட்டாள் என்று ஆனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஞாயிறு பூராவும் அவன் ஒரு வார்த்தையையே சொல்லிட்டிருந்தான், அண்ணி. கினு, கினுன்னு. தண்ணி கேக்குறான்னு நெனச்சு நான் தண்ணி குடுத்துக்கிட்டே இருந்தேன். அவ அண்ணனைத்தான் கேக்குறா. நானும் தங்கச்சிதானே? குடுத்துடுங்க."

"துடுப்புப் போட்டவ நீ. உள்ள கெடந்தவ நான்" என்றேன்.

"அண்ணி..."

"பேசாம படு."

அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான். மறுநாள் போய்விட்டாள். ஊரே திரண்டு பாடி அடக்கம் செய்தது. நானும் அழுதேன், அவளுக்காக. மனசு மாறவில்லை.

போன வருஷம் கினு மூன்றாவது முறையாக வந்தாள். கிழவியாகிவிட்டாள், கைத்தடியோடு மணலில் இறங்கினாள். மெலே செத்துப்போனதைச் சொல்லியிருப்பார்கள், நேராக என் வாசலுக்கே வந்து குனிந்து வணங்கினாள். முதுகு நிமிரவில்லை. எனக்கும் குடிசையிலிருந்து வந்த முதுகு நிமிர்வதில்லை. இரண்டு கிழவிகளும் குனிந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இதுதான் கடைசிப் பயணமாம். இனி உடம்பு தாங்காதாம்" என்றார் வாத்தியார். "சாயங்காலப் படகுல கிளம்பறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமான்னு கேக்கறாங்க."

தொலைவில் அந்தச் சின்னத் தீவு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. துடுப்புப் போட்டால் அடுப்பில் கிழங்கு வேகிற நேரத்தில் போய்வந்துவிடலாம். நான் அவள் பல்லைப் பார்த்தேன்.

"தெரியும்னு சொல்லுங்க. எடுத்துத் தரேன்னும் சொல்லுங்க" என்றேன். வாத்தியார் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. கைத்தடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா இன்னைக்கு ஞாயிறு. நாளைக்கு வரச் சொல்லுங்க."