சும்மா நிற்கிறவர்

முள்ளியவளையில் இருக்கிற எங்கள் இசைக்குழுவில் நான் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என் தோளைத்தான் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் பேஸ் என்றால் மேடைக்கு இரண்டு பக்கமும் அடுக்கி வைக்கிற, நெஞ்சுக்குள் குத்துகிற பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள். ஆகவே நான் பெட்டி தூக்குகிற ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். "உந்த உடம்போட எப்பிடித் தூக்கிறியள்?" என்று ஒருவர் உண்மையான இரக்கத்தோடு கேட்டார். நாலு கம்பி போட்ட கிற்றார் அது, பாட்டுக்கு அடியில் ஓடுகிற தடித்த சத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்று அவருக்கு விளக்கினேன். "ஓமோம்" என்றார். அடுத்த திருவிழாவில் என்னைக் கண்டதும், "முதுகு பிடிக்கேல்லையே?" என்று விசாரித்தார்.

பகலில் நான் லாண்ட்மாஸ்டர் திருத்துகிறவன். விதைப்புக் காலத்தில் இந்த இரண்டு சில்லு உழவு இயந்திரங்கள் என் கொட்டிலுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். அவற்றின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன். இப்படிப்பட்ட காது உள்ளவனுக்குப் பாட்டும் வரும் என்று நம்பித்தான் குழுவில் பாடகனாகச் சேரப் போனேன். குழுவை நடத்துகிறவர் ஒரு சங்கீத ஆசிரியர், கீபோர்ட் வாசிப்பார். ஊரே அவரைச் சேர் என்றுதான் கூப்பிடும். நான் ஒரு பாட்டு முழுதாகப் பாடினேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு, "தம்பி, நீர் பேஸ் கிற்றார் பழகுமன்" என்றார். அன்றிலிருந்து என் முன்னால் யாரும் மைக் வைத்ததில்லை.

எங்கள் குழுவின் ட்ரம்ஸ்காரன் ஓட்டோ ஓடுகிறவன். நல்ல பிள்ளை, என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு ஒரே ஒரு வியாதி, வேகம். பாட்டு நடக்கும்போது சாப்பாட்டு மணம் வந்தால் போதும், கை தானாகவே விரையும். ஓட்டோவும் அப்படித்தான் ஓடுவான். அவனுடைய ஓட்டோவில் ஒருமுறை சந்தைக்குப் போய் வந்த என் மனைவி, அதன்பிறகு பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறாள். மேடையில் அவனை இழுத்துப் பிடிக்கிறவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாசிப்பு அவனுக்கு ஒரு கடிவாளம் என்று மனைவியிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த என் கலைவாழ்வைக் கெடுத்தது கைத்தொலைபேசி. இப்போது எந்தக் கலியாண வீட்டிலும் மேடைக்கு நேரெதிரே ஒரு தாங்கியில் போனை நிறுத்தி, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்களுக்கு லைவ் காட்டுகிறார்கள். போனின் வாய் மிகச் சின்னது. பாடகரின் குரலும் கீபோர்ட்டும் ட்ரம்ஸும் அதற்குள்ளால் ஒருமாதிரி நுழைந்து கடல் கடந்து போய்விடும். தடித்த சத்தம் போகாது. ஆகவே வெளிநாட்டுச் சனம் காண்கிற என்னிடம் சத்தமே இல்லை. கிற்றார் ஒன்றைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு, கம்பியைத் தடவிக்கொண்டு, முகத்தை வேறு உருக்கமாக வைத்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான்.

முதலில் இதைக் கண்டுபிடித்தவள் கனடாவிலிருக்கிற என் மைத்துனி. "அக்கா, அத்தான் ஏன் சும்மா நிக்கிறார்? ஏதும் சுகமில்லையோ?" என்று என் மனைவிக்குப் போன் எடுத்தாள். மனைவி சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊத்தியது. நான் விடவில்லை. பெட்டியைக் குசினி வாசலில் வைத்துக் கிற்றாரைச் செருகி, முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினேன். அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்தன.

"இப்ப விளங்குதோ?" என்றேன்.

"என்ன பாட்டு இது?" என்றாள். கேலிக்கல்ல, உண்மையாகவே கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் நொந்தது.

அதற்குப் பிறகு ஓமந்தையில் ஒரு கலியாணம் வந்தது. பெண்ணின் பெரியப்பா கனடாவில் இருக்கிறார். எங்களை ஒழுங்கு செய்ததும் அவர்தான். அவர் எங்களுடைய பழைய லைவ்களை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டுச் சேருக்குப் போன் எடுத்தார். அதைச் சொல்லத்தான் சேர் என் கொட்டிலுக்கு வந்தார். வந்தவர் சொல்லவில்லை. கழற்றி வைத்திருந்த ஒரு சில்லைக் குனிந்து பார்த்தார். மழை வருமோ என்றார். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"சேர், விசயத்தைச் சொல்லுங்கோ" என்றேன்.

"அது தம்பி... அந்தக் கலியாண வீட்டுப் பெரியப்பா சொல்லுறார், அந்தச் சும்மா நிக்கிறவரை விட்டிட்டு ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பாடக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த திருகுசாவியைக் கீழே வைத்தது நல்லதாய்ப் போயிற்று. "அப்ப பேஸ் ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டேன். சேர் தன்னுடைய இடது கையைத் தூக்கிக் காட்டினார். புதுக் கீபோர்ட்டில் இடது பக்கத்தில் அந்தச் சத்தமும் இருக்கிறதாம். "இந்த ஒருக்காப் பாப்பம். சரிவந்தா..." என்று இழுத்தவர், வசனத்தை முடிக்காமலே சைக்கிளில் ஏறிவிட்டார்.

அவர் முடிக்காத வசனம் எனக்கு நன்றாகவே விளங்கியது. குழு போகிற வான் வண்டியில் இருக்கைகள் அளந்தாற்போல்தான். பாடுவதற்குச் சேர் பிடித்த கனகராயன்குளத்துப் பிள்ளை, எல்லோரும் தங்கச்சி என்கிற ஒருத்தி, ஏறினால் நான் இறங்க வேண்டும். நான் இல்லாமல் ஒரு நிகழ்ச்சி ஒப்பேறிவிட்டால் பிறகு என்னை எதற்கு ஏற்றுவார்கள்? கிரீஸ் பிடித்த கையோடு அந்த வாரம் முழுக்க யோசித்தேன். எனக்கு அந்தக் குழு வேண்டும். வேறு ஒரு பொழுதுபோக்கும் எனக்கில்லை, நான் நன்றாக உடுத்துவதே மேடைக்குத்தான். பயமாக இருந்தது.

இதற்குள் அந்தக் கலியாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு. பெண்ணின் தாயும் என் மனைவியும் முன்பு ஒரே முன்பள்ளியில் படிப்பித்தவர்கள். நான் வரவில்லை என்றேன்.

"வராட்டி, கோவத்தில வரேல்லையெண்டு சனம் கதைக்கும்."

"கோவந்தானே."

"அதைச் சனத்துக்குச் சொல்லக் கூடாது. உடுப்பை மாத்துங்கோ."

நெடுங்கேணி, புளியங்குளம் என்று மோட்டார் சைக்கிளில் போனோம். வழியெல்லாம் பின்னால் இருந்தவள் எனக்கும் சேர்த்துக் கதைத்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் கடைசி வரிசைக் கதிரையில் போய் இருந்தேன். தாலி கட்டி முடிந்து எங்கள் குழு தொடங்கியது. என் மனதில் என்ன இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பாட்டு கேவலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பாட்டு நன்றாக இருந்தது. சேரின் இடது கை என் வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்தது. இரண்டாவது பாட்டைக் கனகராயன்குளத்துத் தங்கச்சி பாடினாள். அவள் முடித்ததும் முதலில் கைதட்டியவன் நான்தான், தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். அவள் ஏதாவது பகிடியாகச் சொல்லியிருக்கலாம் என்றிருந்தது.

பிறகு பந்திக்கு இலை போடத் தொடங்கினார்கள். பொரித்த மிளகாய் மணமும் நெய் மணமும் மண்டபத்துக்குள் வந்தன. மாப்பிள்ளையும் பெண்ணும் உடுப்பு மாற்றி, வாசலிலிருந்து மேடை வரைக்கும் நடந்து வர வேண்டும். அதற்கென்றே ஒரு நிதானமான பாட்டைக் கனடாப் பெரியப்பா தெரிவு செய்து கொடுத்திருந்தார். பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரியிலேயே ட்ரம்ஸ்காரனின் கை விரையத் தொடங்கிவிட்டது. தங்கச்சி மூச்சு வாங்கிக்கொண்டு துரத்தினாள். சேரின் இரண்டு கைகளும் பின்னால் ஓடின. தம்பதிகள் நடு மண்டபத்தைத் தாண்டவில்லை, பாட்டு முடிந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் அந்தரத்தில் நின்றார்கள்.

வீடியோக்காரர் கையைக் காட்டித் திரும்ப வாசலுக்கு அனுப்பினார். இரண்டாம் தரம் இன்னும் மோசம். இந்த முறை பாதி மண்டபத்துக்கும் வரவில்லை. பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தும் பாட்டைப் பிடிக்க முடியவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. பெண்ணின் தாய் நெற்றியில் கைவைத்தபடி நின்றார். ட்ரம்ஸ்காரன் அடித்து முடித்த கையோடு தன் இடது பக்கத்தில், வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மேடையிலிருந்து குதித்து நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணை, ஒருக்கா மேல வாங்கோ."

"கிற்றார் கொண்டரேல்லையடா."

"கிற்றார் என்னத்துக்கு? வந்து உங்கட இடத்தில நிண்டாப் போதும். நான் உங்கட காலைப் பாத்துத்தானே அடிக்கிறனான்."

எனக்கு விளங்கவில்லை. அவன் என் வலது காலைக் காட்டினான். வாசிக்கும்போது நான் அந்தக் காலால் தாளம் தட்டுவேனாம். அது மட்டும் எந்த மணத்துக்கும் விரையாதாம். அதைப் பார்த்தால்தான் தனக்குக் கை அடங்குமாம்.

"அப்ப இவ்வளவு காலமும் நீ என்ர வாசிப்பைக் கேக்கிறேல்லையோ?"

"ட்ரம்ஸ் சத்தத்துக்குள்ள எப்பிடியண்ணை கேக்கிறது?" என்று அப்பாவியாகக் கேட்டான்.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் கடிவாளம் என் செருப்புக்குள் இருந்திருக்கிறது, நான் ஏதோ விரலில் என்று நினைத்திருக்கிறேன். மனைவி என் முழங்கையை இடித்தாள். "போங்கோ. அந்தப் பிள்ளை எத்தினை தரம் நடக்கிறது?" என்றாள்.

போனேன். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் மேடையில் நிற்பது எவ்வளவு கூச்சம் என்பது ஏறின பிறகுதான் தெரிந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினேன், பாடசாலை அதிபர் மாதிரி இருந்திருக்கும். எதிரே தாங்கியில் போன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சேர் என் பக்கம் திரும்பாமல் கீபோர்ட்டைத் தொட்டார். நான் காலைத் தட்டினேன்.

பாட்டு நடந்தது. ட்ரம்ஸ்காரன் என் பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெய் மணம் இன்னும் கூடியிருந்தது, எனக்கும் பசிதான், கால் மட்டும் தன்பாட்டில் நிதானமாகத் தட்டியது. தங்கச்சி மூச்சுவிட்டுப் பாடினாள். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைப் படியில் கால் வைக்கவும் கடைசி வரி வரவும் சரியாக இருந்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அது எனக்கில்லை என்று தெரியும். ஆனாலும் கிற்றாரே இல்லாமல், ஒரு சத்தமும் போடாமல், நான் அவ்வளவு சந்தோசமாக எந்த மேடையிலும் நின்றதில்லை.

கனடாவிலிருந்து பெரியப்பா உடனேயே லைவுக்குக் கீழே எழுதியிருந்தார். மைத்துனி அதைப் படம் பிடித்து என் மனைவிக்கு அனுப்ப, பந்தியில் பாயாசம் குடித்துக்கொண்டிருந்த எனக்கு அவள் வாசித்துக் காட்டினாள். "அந்த ஆளை வேண்டாமெண்டு சொன்னனான். இப்ப கிற்றாரும் இல்லாமல் வந்து நிக்கிறார்." அவள் சிரித்தாள், எனக்குப் புரையேறியது.

சாமான்களை வானில் ஏற்றும்போது நானும் கை கொடுத்தேன். பெரிய பெட்டிகளைத்தான் தூக்கினேன். சேர் கீபோர்ட்டை உறைக்குள் வைத்தபடி, என்னைப் பார்க்காமலே, அடுத்த கிழமை கோயில் திருவிழாவுக்கு வான் வழமைபோல என் கொட்டில் வாசலுக்கு வரும் என்றார். தங்கச்சிக்கும் இடம் வேண்டுமே என்று கேட்டேன். அவளை ட்ரம்ஸ்காரனின் ஓட்டோவில் அனுப்பலாம் என்றார். தங்கச்சி அவசரமாகத் தான் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

"அப்ப வாறன் சேர்" என்றேன். கடைசிப் பெட்டியையும் வானுக்குள் தள்ளினேன்.

ட்ரம்ஸ்காரன் வான் கதவை இழுத்து மூடினான். பிறகு எதையோ மறந்தவன்போலக் கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணை, வேணுமெண்டாக் கிற்றாரையும் கொண்டாங்கோ."